குறுக்குப் பாதையில் ஓட்டம்

அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு மோட்டார் வண்டியிற் செல்வோர் மலைநாட்டின் வனப்பைக் கண்ணாடிச் சன்னலூடே கண்டு திரும்புகின்றனர். புகைவண்டியிற் செல்வோர் சற்றுக் கூடுதலாகக் காண்கின்றனர். நடந்து சென்றோர் தாம் கண்டதை ஏடுகளில் எழுதியுமிருக்கின்றனர். ஆனால், இம்மலைகளில் ஓடிச் செல்வோர் என ஒரு கூட்டத்தார் அண்மைக் காலத்தில் தோன்றியிருப்பதை வாசகர்கள் அறிவார்களோ என்னவோ!

மைதானத்தில் வட்டமிட்டு ஓடும் ஓட்டமன்று இது. காட்டிலும் மலையிலும் செல்லும் ஒற்றையடிப் பாதையைப் பற்றிக்கொண்டு, கல்லையும் வேரையும் சேற்றையும் தாண்டி மணிக்கணக்காக ஓடுவது. நோர்வே நாட்டின் ஊசியிலைக் காடுகளிலும், அவற்றுக்கு மேலே மரமின்றிக் கிடக்கும் மலைமுகடுகளிலும் இது பலருக்கும் பழகிய பொழுதுபோக்கு. நமது நாட்டிலோ, கண்டிக்கு அருகே ஹந்தானையிலிருந்து புறப்பட்டு நுவரெலியாவின் பீட்ரு தோட்டத்தில் முடிவடையும் ‘பெக்கோ பாதை’ இதற்கு வழிசெய்திருக்கிறது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளம்; 22 கட்டங்கள். பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று நாம் புகைவண்டி நிலையப் பலகையிலும் பஸ்ஸின் நெற்றியிலும் மட்டுமே வாசித்த பெயர்களெல்லாம் இப்பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரைத் தோட்டமும் இவ்வழியிலேதான் இருக்கிறது.

பாதை புதிது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பெயர்ப்பலகையும் வழிகாட்டும் அம்புக்குறியும் புதியவை, பாதை பழையது. கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் மூட்டை சுமக்கவும் வண்டி செல்லவும் வெட்டப்பட்ட வழிகளே பெரும்பாலும் இணைக்கப்பட்டிருக்கின்றன. நானுஓயாவுக்கு இரும்புப்பாதை வந்தது 1885இல்; பதுளைக்கு வந்தது 1924இல். அதுவரையில் தோட்டத்துக்கு வேண்டிய யாவும் மாட்டின் கழுத்திலோ மனிதன் தலையிலோ ஏறித்தான் வந்தன.

இங்கே ஒரு மனிதனை நினைவுகூராமற் செல்ல முடியாது. அவன்தான் தோட்டத்துத் தபால்காரன். துரைமார் எழுதிவைத்த நூல்களில் ‘தப்பால் கூலி’ என்ற பெயரில் அவன் தலைகாட்டுகிறான். தபாற் கந்தோருக்கு இறங்கிச் சென்று, கடிதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறி வருவது அவன் வேலை. துரை பங்களாவுக்குப் பாணும் இறைச்சியும் சுமந்து வருவதற்கும் ஆளிருந்தார்கள். வண்டிப்பாதை மலையை வளைத்து வளைத்துச் செல்லும். இவர்களோ குறுக்கிலே விழுந்து செல்வார்கள். ‘குறுக்கு’ என்று தோட்டத்து மக்கள் வழங்கும் அந்தச் செங்குத்தான வழியில், தேயிலைச் செடிகளுக்கிடையே பதித்த கற்படிகள் இன்றும் உள்ளன. விலையுயர்ந்த சப்பாத்தணிந்து இன்று அவற்றில் மூச்சு வாங்க ஏறுகிறவர்கள், தங்களுக்கு முன்னர் அதே படிகளில் வெறுங்காலுடன் ஒருவன் மழையிலும் பனியிலும் நாள்தோறும் ஏறினான் என்பதை எந்தப் பலகையிலும் வாசிக்க முடியாது. அப்படி ஒரு பலகை நாட்டினால் என்ன கெட்டுவிடும் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஓட விரும்புவோருக்குச் சில செய்திகள் பயன்படும். அட்டன் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை விடாது. தை, மாசி, பங்குனி மாதங்களே உகந்தவை. அட்டை கடிக்கும், அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது குளவிக்கு. மரக்கிளையிலும் பாறையிலும் தொங்கும் கூட்டை யாரேனும் கலைத்துவிட்டால், ஓடுபவன் ஓடித் தப்பலாம். முதுகிலே கூடையும் இடுப்பிலே படங்குமாகச் செடிகளுக்கிடையே நிற்கும் பெண்ணால் அது முடிவதில்லை. குளவி கொட்டி உயிரிழந்த தொழிலாளர் பற்றிய செய்தி நமது பத்திரிகைகளுக்குப் புதிதன்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் பெரும் மண்சரிவுகள் நேர்ந்தன. ஆகையால் புறப்படுமுன் வழியின் நிலையை ஊராரிடம் விசாரித்துக்கொள்வது அவசியம்.

டயகமவுக்கு மேலே தேயிலை முடிந்து காடு தொடங்குகிறது. ஹோர்ட்டன் சமவெளியின் எல்லை அது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, 3,160 ஹெக்டயர் பரப்பில் விரிந்துள்ள இப்பிரதேசம் 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய வனமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 முதல் உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றான மத்திய மலைநாட்டின் பகுதியாகவும் விளங்குகிறது. குறுகிப் பாசி படர்ந்த மரங்கள், வெண்பனி போர்த்த புல்வெளி, மனிதரைக் கண்டு அதிகம் மிரளாத மரைகள்! உலக முடிவும் பேக்கர் நீர்வீழ்ச்சியும் அடங்கிய ஒன்பது கிலோமீற்றர்ச் சுற்றுவழியில் இங்கு வருவோர் பெரும்பாலும் நடக்கின்றனர். அது நல்லதே, மரைகள் மேயும் இடத்தில் நமது அவசரத்துக்கு என்ன வேலை?

நோர்வேயைப் பற்றி மற்றொன்று கூற வேண்டும். பயிரிடப்படாத நிலத்தில், அது யாருடைய உடைமையாயினும், எவரும் காலால் நடந்து செல்லலாம் என்னும் பழைய வழக்கத்தை அந்நாட்டார் 1957இல் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றனர். நமது மலைநாட்டிலோ நிலைமை வேறு. பெருந்தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. 1948இல் குடியுரிமையின்றி விடப்பட்ட மக்களுள் எஞ்சியோருக்கு 2003இலேதான் சட்டம் வழிசெய்தது. ஏழு பேர்ச் நிலமும் ஒரு வீடும் பெற்றவர்கள் சிலர். லயங்களிலேயே இன்னும் காலங்கழிப்பவர் பலர். பாதையை வெட்டியவரின் பேரப்பிள்ளைக்கு, அப்பாதையோரத்தில் ஒரு கத்தரிச்செடி நடவும் தோட்ட நிருவாகத்தின் மனம் இசைய வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து ஓடுபவர் இதை அறியார். ஓடி மறையும் வேகத்தில் லயம் ஒரு வண்ணக் கோடாகத்தான் தெரியும்.

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் வழி கேட்டோம். “பாதையால போனா ரெண்டு மைல் ஐயா, குறுக்கால இறங்கினா பீலிக்கரை வந்திரும்” என்றார். வழிகாட்டும் அம்புக்குறி வேறு திசையைச் சுட்டி நின்றது. நாம் பெரியவர் சொன்னபடியே இறங்கினோம். பீலியில் ஒரு பெண்மணி குடத்தை எடுத்துக்கொண்டு வழிவிட்டு நின்றார்.

கால்நடையாக வந்த மக்களின் கதை ஓட்டக்காரரின் கதையிலும் நீண்டது. 2023இல், மலையக மக்கள் இங்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவுற்றதை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28ஆம் திகதி புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். முன்னோர் காட்டிலும் வெயிலிலும் நோயிலும் வீழ்ந்துபட்ட அதே வடக்கு வழியில் அவர்கள் நடந்தார்கள். பெக்கோ பாதையின் 22 கட்டங்களுள் அந்த வழி இல்லை.