தானாகத் திறக்கும் கதவு

 

நமது மஹல்லாக்களின் மதரஸாவிலும் பைத்துல்மால் அறையிலும் கணினி இடம்பிடித்துவிட்ட காலம் இது. அதன் வாசலை யார் காப்பது என்பதைப் பற்றியே உங்களுடன் சில வார்த்தைகள் பேச விழைகிறேன்.

எங்கள் மஹல்லாவுக்கு வந்த பன்னிரண்டு கணினிகளை ஆயத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. பதினொன்று மாணவியரின் பயிற்சிக் கூடத்திற்கு, ஒன்று பைத்துல்மாலுக்கு. இத்தகைய பணியில் ஒரு கணினியை முழுமையாக அமைத்து, அதற்கே உரிய அடையாளங்களைச் 'சிஸ்பிரெப்' என்னும் கருவியால் நீக்கி, 'இமேஜ்' எனப்படும் முழு நகல் எடுத்து, ஏனையவற்றில் பதிப்பது வழக்கம். நிறுவும்போது எழும் கேள்விகளுக்கு 'அன்அட்டெண்ட்' என்னும் கோப்பு விடையளிக்கும். ஆள் இன்றியே உள்நுழைந்து எஞ்சிய வேலைகளை முடிக்க, 'ஆட்டோலாகான்' என்னும் வசதியும் அதில் உண்டு.

ஆனால், பதித்த கணினிகள் யாவும் உள்நுழையாமல் வாசலிலேயே நின்றன! முன்பு வேறொருவர் எழுதிவைத்த கோப்பு அது. பயனரின் பெயருக்கு அருகே, 'டொமைன்' என்ற இடத்தில், பழைய கணினியின் பெயர் இருந்தது. புதிய கணினி ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் அல்லவா? இல்லாத வீட்டின் முகவரியைத் தேடி அவை தவித்திருக்கின்றன. 'இதே கணினி' எனப் பொருள்படும் ஒற்றைப் புள்ளியை அங்கே இட்டு மீண்டும் பதித்ததும், எல்லாம் சீராயின. அல்ஹம்துலில்லாஹ்!

வேறு காரணங்களும் உண்டு. எத்தனை முறை தானாக நுழையலாம் என்ற எண்ணிக்கை தீர்ந்தால், விண்டோஸ் அவ்வசதியைத் தானே நிறுத்திவிடும். நுழையுமுன் அறிவிப்பு ஒன்றைக் காட்டுமாறு அமைத்திருந்தால், யாரேனும் அதை ஒப்பும்வரை கணினி காத்து நிற்கும்.

"தம்பி, இப்படியே தானாகத் திறக்கட்டுமே! பிள்ளைகளுக்கு எளிதாயிற்றே" என்றார் ஜமாஅத் பெரியவர் ஒருவர்.

நான் இணங்கவில்லை. விண்டோஸின் 'ரெஜிஸ்ட்ரி'யில் 'டிஃபால்ட்பாஸ்வேர்டு' என்ற இடத்தில் இவ்வாறு எழுதப்படும் கடவுச்சொல், மறைப்பேதுமின்றி அப்படியே கிடக்கும். கணினிக்குள் நுழைந்த எவரும் அதைப் படித்துவிடலாம். ஒரே நகலிலிருந்து பிறந்த பன்னிரண்டுக்கும் கடவுச்சொல் ஒன்றே. ஒன்று வெளிப்பட்டால் பைத்துல்மால் கணினியும் திறந்துவிடும். அதில் இருப்பவை என்ன? ஜகாத் கேட்டு, கண்ணீரை மறைத்துக்கொண்டு மனு எழுதிய விதவையரின் பெயர்கள். கடன்பட்ட குடும்பத் தலைவர்களின் விவரங்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று கற்ற சமுதாயம், வாங்கியவரின் பெயரை ஊரறியச் செய்யலாமா?

பெரியவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "அது அமானிதம் தம்பி, பூட்டிவிடுங்கள்" என்றார்.

தானாக நுழையும் வசதியை நிறுவும் வேலையோடு முடித்து, கடவுச்சொல் எழுதிய கோப்புகளையும் அழித்தோம். ஒவ்வொரு மாணவிக்கும் அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு அளித்தோம். பைத்துல்மால் கணினிக்கு வேறு கடவுச்சொல். அதை அறிந்தவர் இருவர் மட்டுமே.

பிறர் இல்லத்தில் அனுமதி கேட்டு, ஸலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்று சூரத்துந் நூரின் 27ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. பிறருடைய மானம் உறங்கும் கணினியும் ஓர் இல்லமே. உங்கள் மஹல்லாவின் கணினியை இன்றே ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அது எவரையும் கேளாமல் திறந்தால், அந்தக் கதவைச் சாத்தும் கடமை உங்களுடையது. அமானிதம் பேணுவோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.