கைப்பிடி வெளியே வராத மாலை



கடந்த ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஸ்காபரோவில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அவ்வீட்டுப் பெரியவர் இருதய சிகிச்சை முடிந்து திரும்பியிருந்தார். மகளும் மருமகனும் மூன்று வயதுப் பேத்தியோடு வந்திருந்தார்கள். காலையில் உறைமழை பெய்திருந்தது. விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிவிடும் மழை அது. மாலையில் குளிர் மறை 17 பாகையாக இறங்கிவிட்டது.

புறப்படும் வேளை வந்தது. மருமகன் குழந்தையைக் காரின் பின் இருக்கையில் வார்போட்டு அமர்த்திக் கதவைச் சாத்திவிட்டு, பையை எடுக்க வீட்டினுள் வந்தார். நம் வீடுகளில் வாசற்படியில் நின்று விடைபெறுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மனைவியோடு அவர் திரும்பிச் சென்றபோது கார் தானாகவே பூட்டிக்கொண்டிருந்தது. அது புதிய மின்சாரக் கார். அதன் கைப்பிடிகள் கதவின் தகட்டோடு சமமாக உள்ளே அடங்கியிருக்கும். உரிமையாளர் அருகில் வந்தால் மோட்டார் அவற்றை வெளியே தள்ளும். அன்று ஒன்றும் வெளியே வரவில்லை. ரிமோட்டை அழுத்தினார், விளக்குகூட மினுங்கவில்லை. கதவில் விரல் மாட்ட இடமில்லை. வழுவழுப்பான தகடு, அதன்மேல் மெல்லிய பனிக்கட்டி.

உள்ளே குழந்தை எங்களைப் பார்த்து முதலில் சிரித்தது. பிறகு அழத் தொடங்கியது.

அடுத்த ஏழெட்டு நிமிடங்களில் நாங்கள் செய்தவை அனைத்தும் தவறானவை. பனிக்கட்டிதான் காரணம் என்று நாங்களே முடிவுசெய்துகொண்டோம். பெரியவர் கேத்திலில் கொதிநீர் கொண்டு வந்தார். "ஊற்றுங்கோ ஐயா" என்று சொன்னவன் நான்தான். ஊற்றிய நீர் இடுக்குகளில் இறங்கி, எங்கள் கண்முன்னே மறுபடியும் உறைந்தது. மருமகன் பனி அள்ளும் சவளைத் தூக்கினார். குழந்தையின் பக்கத்துக் கண்ணாடியையே உடைக்கப் போனார். அம்மம்மா செருப்பில்லாத கால்களோடு பனியில் நின்று பேத்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். ஆறுதல் சொல்லிப் பழகிய என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் கயானா நாட்டவர். பல ஆண்டுகள் பழுதான வண்டிகளை இழுத்துச் செல்லும் வாகனம் ஓட்டியவர். ஒன்றும் கேட்காமல் ரிமோட்டை வாங்கினார். பக்கத்திலிருந்த சிறு பொத்தானைத் தள்ளி, அதற்குள்ளிருந்து ஒரு சிறிய உலோகச் சாவியை உருவினார். ஓட்டுநர் கதவின் கைப்பிடியைச் சுற்றி முஷ்டியால் மெதுவாகத் தட்டினார். கைப்பிடியின் முன்முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார், பின்முனை எழும்பியது. அதை இழுத்துப் பிடித்தபோது ஒரு சாவித்துவாரம் தெரிந்தது. கதவு திறந்தது. மருமகன் முன் இருக்கையின் மேலாகப் பின்னால் பாய்ந்து குழந்தையை எடுத்தார்.

அந்தச் சாவி அவ்வளவு நேரமும் அவர் கையிலேயேதான் இருந்திருக்கிறது.

பிறகு நெடுநேரம் அவர் தலை நிமிரவில்லை. மாமனாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் அவரை இன்னும் வருத்தியது. நான் அவரைக் குறைகூற மாட்டேன். கதவைத் திறப்பது ஒரு மனிதன் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தையாக முன்பு இருந்ததில்லை. இன்று அது ஒரு பருமனான கையேட்டின் உட்பக்கங்களுக்குள் போய்விட்டது. அதை யார் வாசிக்கிறோம்?

அந்த வாரமே, கராஜ் நடத்தும் ஒரு சகோதரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்ன முதல் செய்தி எனக்கு வியப்பாயிருந்தது. காரை ஓட்டும் பெரிய பற்றரி அன்று ஏறக்குறைய நிறைந்தேயிருந்தது. ஆனால் கதவுப் பூட்டு, கைப்பிடி மோட்டார், விளக்கு ஆகியவற்றை இயக்குவது 12 வோல்ற் சிறு பற்றரி. பெட்ரோல் காரில் இருப்பதைப் போன்ற ஒன்று மின்சாரக் காரிலும் இருக்கிறது. அது கடுங்குளிரில் பலமிழக்கும்; பழையதானால் சொல்லாமலே நின்றுவிடும். அன்று நின்றது அதுதான். மூன்று நாள்களாகத் திரையில் ஓர் எச்சரிக்கை வந்துகொண்டிருந்ததாம். குளிர்காலம்தானே என்று விட்டிருக்கிறார்கள்.

பற்றரி நன்றாயிருந்தாலும் இக்கைப்பிடிகளுக்கு வேறு நோய்கள் உண்டு. "பாஸ்ரர், ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வெளியில வந்து உள்ள போனா, வருசத்துக்கு 3,650 தரம். நீங்கள் ஒரு கதவைத் திறந்தாலும் கன கார்களில நாலு கைப்பிடியும் வரும்" என்றார் அவர். ஒவ்வொரு அசைவிலும் உள்ளிருக்கும் மெல்லிய கம்பி வளைகிறது. ஒரு நாள் அறுகிறது. சிறு பற்சக்கரம் தேய்கிறது. கைபட்டதை அறிவிக்கும் நுண்ணிய சுவிட்ச் உப்பு நீரால் அரிக்கப்படுகிறது. எங்கள் வீதிகளில் பனிகாலம் முழுவதும் உப்புக் கொட்டுகிறார்களே, அதற்கு இந்த இடுக்குகள் நல்ல தங்குமிடம். பனிக்கட்டியோ அந்தச் சிறிய மோட்டாரின் பலத்தை எளிதில் வென்றுவிடும். இவ்வளவும் எதற்காக? காற்றின் தடையைச் சற்றே குறைப்பதற்காகவும், பார்வைக்கு அழகாயிருப்பதற்காகவும். சமமான கைப்பிடி புதிதுமல்ல. 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரிலும் இருந்தது. அதை விரலால் அழுத்தினால் போதும்; மின்சாரம் தேவையில்லை.

இது ஒரு குடும்பத்தின் துயரம் மட்டுமல்ல. 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், 2021ஆம் ஆண்டு ரெஸ்லா மொடல் வை கார்கள் ஏறத்தாழ 1,74,000 குறித்து விசாரணை தொடங்கியது. பின் இருக்கையிலிருந்த குழந்தைகளை எடுக்க முடியாமல் கண்ணாடியை உடைத்த பெற்றோரின் முறையீடுகள் அதில் இருந்தன. சீனாவோ, 2027 ஜனவரி 1 முதல் புதிதாக அனுமதி பெறும் கார்களில் மின்சாரம் இல்லாமலும் இயங்கும் இயந்திரத் திறப்பு உள்ளும் புறமும் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அது நல்ல சட்டம் என்பேன். ஆனால் ஏற்கெனவே வாங்கிய காரோடு நாம் வாழ வேண்டுமே.

ஆகவே அந்தச் சகோதரர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். ரிமோட்டினுள் இருக்கும் சாவியை இன்றே உருவிப் பாருங்கள்; பகலில், பதற்றமில்லாமல், ஒரு முறை அதனால் கதவைத் திறந்து பாருங்கள். உங்கள் காரில் சாவித்துவாரமே இல்லையென்றால், பற்றரி நின்றால் வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்று விற்றவரிடம் கேளுங்கள். உள்ளிருந்து கையால் திறக்கும் இழுப்பி எங்கே என்பதையும் பாருங்கள். பின் கதவில் அது கம்பளத்தின் கீழோ கதவுப் பையின் அடியிலோ ஒளிந்திருக்கலாம், சிலவற்றில் இல்லாமலும் இருக்கலாம். குளிர் தொடங்குமுன் 12 வோல்ற் பற்றரியைச் சோதிப்பியுங்கள். உறைமழைக்குப் பிறகு, புறப்படுமுன் தொலைபேசிச் செயலியால் காரைச் சூடாக்குங்கள். பனிகரைக்கும் திரவத்தைத் தெளிக்கலாம். கொதிநீர் ஒருபோதும் வேண்டாம், அது கண்ணாடியையும் வெடிக்கச் செய்யும். காருக்கு உயிர்கொடுக்கும் சிறு மின்கலப் பெட்டி வாங்கினால் அதை வீட்டில் வையுங்கள். பின்பெட்டிக்குள் வைத்தவர்களும் உண்டாம். அதைத் திறக்கவும் மின்சாரம் வேண்டும்! குழந்தை உள்ளே சிக்கினால் முதலில் 911ஐ அழையுங்கள். உடைத்தே ஆக வேண்டுமானால், குழந்தைக்கு மிகத் தூரத்திலுள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள்.

அடுத்த ஞாயிறு அக்குடும்பம் அதே காரில் வந்தது. புதிய பற்றரி போட்டிருந்தார்கள். வாகனத் தரிப்பிடத்தில் அம்மம்மா மருமகனை நிறுத்தினார். "தம்பி, அந்தச் சாவியை எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். அவர் கையுறையைக் கழற்றாமலே முயன்றார். முதல் முறை சாவி வழுக்கி விழுந்தது. மருமகன் குனிந்து எடுத்து மீண்டும் கொடுத்தார். இரண்டாம் முறை கையுறையைக் கழற்றிவிட்டுத் திருப்பினார். கதவு திறந்தது. "சரி, இனி மாமாவுக்கு" என்று மருமகன் சாவியை அவரிடம் நீட்டினார். பெரியவர் அதை வாங்கிக்கொண்டு, அவர் தோளில் கைவைத்தபடி காரண்டை நடந்தார்.