ஒண்ணு, ரெண்டு, முப்பத்தொண்ணு

பத்தொன்பதாம் தேதி காலை பத்தேகாலுக்கு ஃபோன் வந்தது. "அண்ணா, டேலில தேதி போட விடமாட்டேங்குது. ஒண்ணு, ரெண்டு, முப்பத்தொண்ணு மட்டும்தான் எடுக்குது."

டேலி என்ற கணக்கு மென்பொருளைப் படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. லைசென்ஸ் கைக்கு எட்டாவிட்டால் அது 'எஜுகேஷனல் மோடு' என்று மாணவர் வேஷம் கட்டிக்கொள்ளும். அப்போது மாதத்தில் அந்த மூன்று தேதிகளில்தான் பதிவு போட முடியும். குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் மாடிப்படி ஏறிப் போய் டேலி கற்ற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பாடத்தில் சரக்கு வாங்குவது, விற்பது, சம்பளம், வாடகை எல்லாமே ஒன்றாம் தேதியில்தான் நடக்கும். ஃபோனில் பேசிய பெண்ணும் அப்படிப் படித்து வந்தவர்தான். "ஆறு வருஷம் கழிச்சு மறுபடி கிளாஸ்ல உக்கார வெச்ச மாதிரி இருக்குண்ணா" என்றார். குரலில் சிரிப்பில்லை. மறுநாள் இருபது, ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள். தப்பினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஐம்பது ரூபாயை முதலாளி கொடுத்துவிடுவார். அதற்கு முன் அவர் கேட்கிற நாலு கேள்விதான் பெரிய அபராதம்.

நான் இருப்பது திருநீர்மலை. கம்ப்யூட்டர் சர்வீஸ் பிழைப்பு. ஃபோன் வந்த பட்டறை திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில், அடையாற்றுக்கு அந்தப் பக்கம். லேத்தில் உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறார்கள். ஆபீஸ் அறையில் நான்கு சிஸ்டம்: பில் போட ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, முதலாளி மேசையில் ஒன்று.

நான் போய்ச் சேர்வதற்குள் குற்றவாளியை முடிவு செய்துவிட்டிருந்தார்கள். முதலாளி 'வைரஸ்' என்றார். ஸ்டோர்காரர், "நேத்து சாயங்காலம் அவங்க எதையோ அமுக்கினாங்க" என்று எனக்கு ஃபோன் செய்த கணக்குப் பெண்ணைக் கண்ணால் காட்டினார். ஆடிட்டர் ஆபீசில் இருந்து ஒரு பையன் ஃபோனில், "எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிடுங்க" என்று யோசனை சொல்லியிருந்தான். நேரில் வராதவர்கள்தான் எப்போதும் இந்த யோசனையைச் சொல்வார்கள். நல்லவேளை, யாரும் செய்யவில்லை.

பில் போடும் சிஸ்டத்தில் டேலி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றிலும் லைசென்ஸும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. எனக்குப் பாதி வேலை அப்போதே முடிந்தது. கணக்கு எங்கும் போகவில்லை, போகிற வழிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர்க் கதையும் இதுதான். திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றிலும் நீர் நின்றதாம். வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தாராம். அதனால்தான் நீர்மலை என்று பெயர் என்பார்கள். பெருமாள் அங்கேயேதான் இருந்தார், நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நாலு கோலத்தில். ஆழ்வாருக்குப் பொறுமை இருந்தது. ஜிஎஸ்டிக்கு அது கிடையாது.

இந்த மாதிரிப் பட்டறைகளில் 'சர்வர்' என்று தனியாக ஒரு பெட்டி இருக்காது. முதலில் வாங்கிய கம்ப்யூட்டர் எதுவோ அதுதான் சர்வர். டேட்டா ஃபோல்டர் அதில் இருக்கும், லைசென்ஸ் அதில் இருக்கும், அதை மற்றவர்களுக்கு ஷேர் செய்து வைத்திருப்பார்கள். இங்கே பில் போடும் பெண்ணின் சிஸ்டம்தான் அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிறகு அதை மட்டும் ஓர் இரும்பு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்கு அவ்வளவு யோசித்தவர்கள், அதன் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "உன் சிஸ்டத்து மேலதாம்மா மூணு பேரு சவாரி பண்றாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அந்தப் பெண் ஐந்தரைக்கு வேலை முடிந்ததும், வீட்டில் சொல்லிக் கொடுத்தபடி, ஒழுங்காக ஆஃப் செய்துவிட்டுப் போவார். பதிவின் நடுவில் இருந்த மற்ற மூவரும் அந்தரத்தில் நிற்பார்கள். போன வருஷம் டேட்டா இரண்டு முறை கெட்டு, ரிப்பேர் போட்டு மீட்டதற்குக் காரணம் அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

முந்தின நாள் என்ன நடந்தது என்று விசாரித்தேன். அமுக்கினதைப் பற்றிக் கேட்காமல், "யாராவது வெளியாள் வந்தாங்களா?" என்று கேட்டேன். வந்திருக்கிறார். புது ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர், வேகம் காட்டுவதற்காகப் புதுப் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை நேராக பில் சிஸ்டத்தில் சொருகியிருக்கிறார். வேகம் பிரமாதம் என்று எல்லோரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். கேபிள் அப்படியே நின்றுவிட்டது. பழைய இணைப்புக்கு மாதக் கடைசி வரை பணம் கட்டியிருந்ததால் மற்ற மூன்றும் பழைய ரவுட்டரிலேயே இருந்தன. நாலு சிஸ்டத்திலும் இன்டர்நெட் வந்தது. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' அடித்துப் பார்த்தேன். மூன்று சிஸ்டத்தின் எண் 192.168.0 என்று தொடங்கியது. பில் சிஸ்டத்துடையது 192.168.1. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு தெரு. முதல் தெருவில் நின்று எவ்வளவு கூப்பிட்டாலும் இரண்டாம் தெருவில் இருப்பவர் காதில் விழாது. நாலையும் ஒரே ஸ்விட்சில் சேர்த்து, புதுப் பெட்டியோடு இணைத்தேன். 'பிங்' அடித்தால் இப்போது பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்கும் காரணம் அதே வேகப் பரிசோதனைதான். புது நெட்வொர்க்கைக் கண்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது: மற்ற கம்ப்யூட்டர்கள் உன்னைப் பார்க்கலாமா? பில் போடும் பெண் 'நோ' கொடுத்திருக்கிறார். ஏம்மா என்று கேட்டேன். "தெரியாதவங்க பாக்கலாமான்னு கேட்டா வேணாம்னுதானேண்ணா சொல்லணும்?" என்றார். நியாயமான பதில், இன்று வரை என்னிடம் மறுமொழி இல்லை. அப்படிச் சொல்லிவிட்டால் விண்டோஸ் அந்த இடத்தை ரயில்வே ஸ்டேஷன் மாதிரிப் பொது இடமாக எடுத்துக்கொண்டு, ஃபோல்டர் ஷேரிங்கை மூடிவிடும். டேலியின் லைசென்ஸ் வழக்கமாகப் போய்வரும் 9999 என்ற போர்ட்டுக்கும் ஃபயர்வால் தடை போடலாம். 'பப்ளிக்' என்று இருந்ததை 'பிரைவேட்' ஆக்கினேன். ஃபயர்வாலில் டேலிக்கு வழி விட்டேன். பாஸ்வேர்டு இல்லாமல் எல்லோருக்கும் திறந்து கிடந்த ஃபோல்டருக்கு ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தேன். முதலாளி முகம் சுளித்தார். திறந்த வீட்டில் எல்லோரும் நுழைகிற மாதிரியான ஷேரிங்கைப் புது விண்டோஸ் எளிதில் அனுமதிப்பதில்லை, அனுமதித்தாலும் நான் வைக்கமாட்டேன். பன்னிரண்டு நாற்பதுக்கு நாலு சிஸ்டத்திலும் கம்பெனி பெயர் வந்தது. கணக்குப் பெண் முதல் வேலையாகப் பத்தொன்பதாம் தேதி போட்டுப் பார்த்தார்.

இப்படிப் பல பேர் சவாரி செய்யும் டேலி பிறந்ததே ஒரு குடும்பத்துக் கணக்கில்தான். பெங்களூரில் ஷ்யாம் சுந்தர் கோயங்கா, தன் வியாபாரத்துக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத்தை எழுதச் சொன்னார். அது 1986. மகனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு அப்பா, ஒரு வியாபாரம், ஒரு பேரேடு. ஒரே ஆள் உட்காரும் 'சில்வர்', பல பேர் உட்காரும் 'கோல்டு' என்ற இன்றைய பிரிவைப் பார்க்கும்போது எனக்குப் பழைய மண்டிக் கணக்குப்பிள்ளை ஞாபகம் வரும். அவர் பேரேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பார். யாருக்கு என்ன வேண்டுமானாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். மெதுவான ஏற்பாடுதான். ஆனால் பேரேடு யார் பொறுப்பு என்று அங்கே யாரும் கேட்டதில்லை. நம் பட்டறைகளில் கோல்டு லைசென்ஸுக்குப் பணம் கொடுக்கிறோம், சாவி யார் இடுப்பில் என்று முடிவு செய்வதில்லை. நான் போகிற பத்து இடங்களில் ஏழு எட்டில் கோளாறு இதுதான் என்பது என் அனுபவக் கணக்கு.

கிளம்பும் முன் பில் சிஸ்டத்துக்கு மாறாத எண் ஒன்று கொடுத்து, அதைச் சீட்டில் எழுதி அலமாரியில் ஒட்டினேன். கடைசியாக ஆபீசைப் பூட்டுகிறவர்தான் அதை ஆஃப் செய்ய வேண்டும் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்.

உங்கள் ஆபீசிலும் இப்படி ஒரு சிஸ்டம் இருக்கும். அது எது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். இன்டர்நெட்காரர் வந்தால், அவர் கை வைப்பதற்கு முன் எந்தக் கேபிள் எதில் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்களைக் கூப்பிடும்போது அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பாதி நாள் நான் ஆற்றைத் தாண்ட வேண்டியிருக்காது.