தீட்டுதலும் சாணை பிடித்தலும்

கத்தியைக் கூராக்குதற்குத் தமிழில் இரு சொற்கள் உள. ஒன்று சாணை பிடித்தல், மற்றொன்று தீட்டுதல். இரண்டும் ஒன்றெனவே இன்று பலரும் கருதுகின்றனர். ‘தீட்டிய மரத்திலேயே கூர் பார்ப்பதா?’ என்னும் பழமொழியை நன்றி மறந்தோர்க்கு எடுத்துக்காட்டும் மாணவர்க்கு, அந்த மரம் எத்தகையது என்பது தெரிவதில்லை.

அதனை அறியத் திருச்செந்தூரை அடுத்த உடன்குடிப் பக்கம் செல்லவேண்டும். பதநீர்க் காலத்தில் பனையேறுவோர் நாள்தோறும் பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவுவர். அரிவாள் மழுங்கியிருந்தால் நுனி நசுங்கும். பதநீர் செவ்வையாகச் சுரவாது. நாள்தோறும் கொல்லரிடம் ஓடவும் இயலாது. ஆகவே, ஒரு மரக்கட்டையில் வெங்கச்சங்கல்லின் பொடியைத் தூவி, அதன்மீது அரிவாளை முன்னும் பின்னும் இழுப்பர். அக்கட்டையே தீட்டுமரம். வெங்கச்சங்கல்லின் கடினம், மோசு என்பாரின் அளவுகோலில் 7. அரிவாளின் இரும்பு அதனினும் மென்மையானது. பொடி விளிம்பை நேராக்கும். இரும்பை மிகச் சிறிதே உண்ணும்.

சாணையோ அவ்வாறன்று. பழைய சாணைச் சக்கரம் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் செய்தது. குருந்தத்தின் கடினம் 9. (ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என வழங்கும் பெயர் இத்தமிழ்ச் சொல்லின் வழி வந்ததே. தமிழாசிரியர்க்கு இதனைச் சொல்லாமல் இருக்க மனம் வராது!)

தார்நாகாவில் நான் குடியிருக்கும் தெருவிற்கும் மிதிவண்டியில் சாணைக்காரர் வருவதுண்டு. தெலுங்கில் அதனைச் ‘சான’ என்பர். சொல் ஏறக்குறைய நம்முடையதே. சக்கரம் சுழலும்போது பறக்கும் தீப்பொறிகளைச் சிறுவர் கைகொட்டி ரசிப்பர். அப்பொறி ஒவ்வொன்றும் அலகிலிருந்து பிரிந்த இரும்பு. மேலும், அலகு மிகச் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால், கொல்லர் ஏற்றிய பதமும் போய்விடும். பின்னர் எத்துணைத் தீட்டினும் கூர் நிலைக்காது.

பணிமாறுதல் பெற்று ஐதராபாத்து வந்தபோது அம்மா தம் அரிவாள்மனையைக் கொடுத்தனுப்பினார். அவர் மணமாகி வந்த நாளில் அதன் அலகு மூன்று விரல் அகலம் இருந்ததாம். என் கைக்கு வரும்போது இரண்டு விரலே எஞ்சியிருந்தது. அண்டை வீட்டார் அதனைக் ‘கத்திபீட்ட’ என்று அழைத்து, புதியது வாங்கலாமே என்பர். புதியது கடையில் கிடைக்கும். அந்த அலகு கிடைக்காது.

காய் நறுக்க நறுக்கக் கூர்விளிம்பு ஒருபுறமாகச் சாய்ந்து மடிகிறது. கண்ணுக்குப் புலப்படாத அம்மடிப்பையே நாம் ‘மழுங்கிவிட்டது’ என்கிறோம். அதனை நிமிர்த்தப் பீங்கான் குவளை ஒன்று போதும். அதனடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். வாரம் ஒருமுறை அவ்வளையத்தால் அலகின் இருபுறமும் மாறி மாறி, அழுத்தாமல், ஐந்தாறு முறை உரசுகிறேன். கை எப்போதும் அலகின் முதுகுப்புறமே நிற்கவேண்டும். இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை.

எலுமிச்சை, புளி, மாங்காய் ஆகியவற்றின் புளிப்பு இரும்பு விளிம்பை அரிக்கும். நறுக்கியவுடன் கழுவி, ஈரம் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிவிடுகிறேன். கூர் பார்ப்பதற்கு விரல் வேண்டா. பழுத்த தக்காளி போதும். தோல் நசுங்காமல் பிளந்தால் அடுத்த வாரம் வரை கவலையில்லை. கடந்த ஈராண்டுகளில் அந்த அலகு ஒருமுறைதான் சாணை ஏறியது.