ஹெரால்டின் மேல் ஓடும் கோடு

நல்ல பெயின்ட் அடித்த கார், தன்னைச் சுற்றி இருப்பதையெல்லாம் வாங்கிக் காட்டும். வானம் பானட்டில் விழும். எதிர்க் கட்டடம் கதவில் விழும். படம் எடுக்கிறவரின் சட்டை பம்பரில் விழும். தகட்டில் இந்த வெளிச்சங்கள் எங்கே நீள்கின்றன, எங்கே வளைகின்றன என்பதை வைத்துத்தான் காரின் வடிவத்தையே நம் கண் புரிந்துகொள்கிறது. ஹெட்லைட்டில் தொடங்கி டிக்கி வரை பக்கவாட்டில் ஓடும் வெளிச்சக் கோடு உடையாமல் விழுந்துவிட்டால் பாதிப் படம் கிடைத்த மாதிரி. அந்தக் கோட்டைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு டிங்கர். புதுப்பேட்டையை ஒட்டிய சந்து ஒன்றில், தகரக் கூரை போட்ட பட்டறையில் வேலை செய்கிறார். எல்லோரும் அவரை ‘பாய்’ என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான்.

நான் அங்கே போனது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்காக. சென்னைக்குக் கார் வேலை பழகிய வேலை. 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்சன் நிறுவனம் 1903இல் நீராவிக் கார் ஒன்றை இங்கேயே செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வண்டலூரில் ஆலை வைத்து வான்கார்டு கார்களை உருவாக்கியது. 1961இல் ஹெரால்டு வந்தது. கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட் என்றிருந்த காலத்தில் சென்னையின் சொந்தக் கார் ஹெரால்டு. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. முன்பக்க மட்கார்டுகளும் பானட்டும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். சேசிஸ் தனி, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். 25 அடி விட்டத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதிகளில் ஹெரால்டு ஓட்டியவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

நான் படம் எடுக்கக் கேட்டிருந்த வெளிர்நீல ஹெரால்டு, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவருடையது. அவருடைய அப்பா வாங்கிய வண்டி. பாய் அதை அக்கு அக்காகக் கழற்றிப் போட்டிருந்தார். பானட் மட்டும் தனியாக மரக்கட்டைகள் மேல் கிடந்தது. பெயின்ட் முழுவதும் சுரண்டி எடுக்கப்பட்டு வெறும் இரும்புத் தகடாக இருந்தது.

டிங்கர் வேலையின் கருவிகள் மிகக் குறைவு. ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் டாலி என்கிற இரும்புக் கட்டை. டாலியைத் தகட்டின் உள்பக்கம் ஏந்திக்கொண்டு வெளிப்பக்கம் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் பள்ளம் நிமிர்ந்துவிடும்; ஆனால் தகடு மெலிந்து விரிந்து, அழுத்தினால் டப் டப்பென்று உள்ளே வெளியே போகும். அப்படி விரிந்த இடத்தை கேஸ் வெல்டிங் தீயால் ஒரு காசு அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, உடனே ஈரத்துணியால் ஒற்றுகிறார். சூட்டில் விரிந்த இரும்பு குளிரும்போது சுருங்கித் தகட்டை இழுத்துப் பிடிக்கிறது. எங்கே காய்ச்சுவது, எத்தனை நொடியில் துணி வைப்பது என்பதெல்லாம் எந்தத் தாளிலும் எழுதப்படாமல் அவர் கையில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய பனியன் துணிக்கு மேல் உள்ளங்கையை வைத்துத் தகட்டைத் தடவுகிறார். துணி இருந்தால் கை வழுக்கிப் போகும், சின்ன மேடுகூடத் தட்டுப்படும் என்றார்.

தகடு நிமிர்ந்ததும் பட்டி. மெல்லிய பூச்சு, காய்ந்ததும் மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு. பிறகு பிரைமருக்கு மேல் கறுப்புப் பெயின்டை லேசாகத் தூவிவிட்டு மறுபடி தேய்க்கிறார்கள். மேடான இடத்தில் கறுப்பு முதலில் போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும். தங்கிய கறுப்பைப் பார்த்துப் பார்த்து வேலை நகர்கிறது. பட்டியை அப்பி அப்பி மேடேற்றுகிற பட்டறைகளும் உண்டு. சில மழைக்காலம் போனால் அது வெடித்துவிடும். “தகடு ஒழுங்கா இருந்தா பட்டி நகக்கண் அளவு போதும் தம்பி” என்பது பாயின் கணக்கு.

அன்று அவர் செய்து காட்டிய ஒரு காரியம் என் தொழிலையே மாற்றியது. பிரைமர் மங்கலாக இருக்கும். அதில் எதுவும் தெரியாது. அவர் ஒரு குவளைத் தண்ணீரை பானட் மேல் ஊற்றினார். நனைந்த பரப்பு சற்று நேரம் பெயின்ட் அடித்தது போலப் பளபளத்தது. கூரையில் நீளமாகக் கட்டியிருந்த ட்யூப்லைட் அதில் வெள்ளைக் கோடாக விழுந்தது. “நேரா நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. கீழ உக்காந்து, ஓரத்துலேந்து லைட்டைப் பாருங்க” என்றார். உட்கார்ந்து பார்த்தேன். கோடு நேராக வந்து, ஓரிடத்தில் துளி நெளிந்து, மறுபடி நேராகப் போனது. அந்த நெளிவில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். தண்ணீர் வடியுமுன் பானட் முழுக்க அப்படி வட்டங்கள். தலையைச் சற்றே அசைத்தால் கோடு தகட்டின் மேல் ஊர்ந்து போவதையும், அது ஊரும் வேகம் மாறுகிற இடத்தில் தகடு வளைகிறது என்பதையும் அன்றுதான் கண்டேன்.

கேமராவை எந்த உயரத்தில் பிடிப்பது, காரை எந்தத் திசைக்குத் திருப்பி நிறுத்துவது என்பதற்கெல்லாம் அதன் பிறகு எனக்கு வேறு விதி தேவைப்படவில்லை. ஹெட்லைட் உயரத்துக்குக் குனிய வேண்டும். அகன்ற லென்ஸ் பக்கத்தில் வந்தால் மூக்கை ஊதிப் பெரிதாக்கும். தள்ளி நின்று 85 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் மிகெலோட்டி வரைந்த அளவு மாறாமல் கிடைக்கும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் பம்பரில் நம் உருவம் அடங்கியிருக்கும். போலரைசிங் ஃபில்டரைச் சுழற்றினால் கண்ணாடியிலும் பெயின்டிலும் விழும் பிரதிபலிப்பு குறையும். குரோமிடம் அது பலிக்காது. வெற்று உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்த ஃபில்டரால் பிரிக்க முடியாது. அதனால் குரோம் எதைக் காட்ட வேண்டும் என்பதைக் கார் நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது.

வண்டி முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் வெளியே எடுத்தோம். அந்த நேரத்தைச் சொன்னவர் வண்டியின் மெக்கானிக். ஹெரால்டின் 948 சிசி இன்ஜினுக்கு வேகம் பிரச்சினை இல்லை. வெயிலில் சிக்னல் சிக்னலாக நிற்பதுதான் பிரச்சினை. ரேடியேட்டர் கொதிக்கும், சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அப்போது பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அவரும் ஒரு தண்ணீர் கேன், துணி, பாயின்ட் செட், பிளக்குகளோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

காமராஜர் சாலை பழைய கார்களுக்கென்றே அமைந்தது என்று நம்புகிறேன். சாலை தெற்கு வடக்காக ஓடுகிறது. கிழக்கே கடலுக்கு மேல் மறைப்பே இல்லாத வானம். மேற்கே மாநிலக் கல்லூரியும், 1870களில் ராபர்ட் சிஸம் கட்டிய செனட் ஹவுஸும். சூரியன் எழுவதற்கு முந்தைய கால்மணி நேரம்தான் பொன்னான நேரம். கடலின் விளிம்பு முழுவதும் ஒரே சீராக வெளுத்திருக்கும். வடக்கு நோக்கி நிற்கும் காரின் வலப்பக்கத்தில் அந்த வெளுப்பு அப்படியே படியும். எந்த ஸ்டுடியோவிலும் அவ்வளவு நீள விளக்குக் கிடையாது. பாய் ட்யூப்லைட்டில் சோதித்த கோடு, இங்கே அடிவானமாக ஓடியது. சூரியன் மேலே வந்ததும் வெளிச்சம் புள்ளியாகச் சுருங்கிவிடும். அதன் பிறகு கார்களை விட்டுவிட்டு, கிழக்கு வெயில் முகத்தில் படும் அந்தக் கட்டடங்களை எடுக்கலாம்.

ஓடும் காரை எடுக்க இன்னொரு காரில் இணையாகப் போக வேண்டும். பெல்ட் போட்டு, ஜன்னலை இறக்கி, பின் சீட்டில் உட்கார்ந்துதான் எடுப்பேன். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பத்து மீட்டர். ஷட்டரை 1/30 நொடி வைத்தால் அந்த இடைவெளியில் கார் 33 சென்டிமீட்டர் நகர்கிறது. ஹெரால்டின் சின்னச் சக்கரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே வேகத்தைப் பிடித்தால் கார் அசையாமல் நிற்கும், நகரம் பின்னால் கரைந்து ஓடும். இதில் புகைப்படக்காரரின் பங்கு மிகச் சிறிது. கிளச்சையும் ஆக்ஸிலேட்டரையும் பூப்போலப் பிடிக்கும் ஓட்டுநர்களின் கால்கள்தான் அந்தப் படத்தைத் தருகின்றன.

நேப்பியர் பாலத்தருகே திரும்பி அண்ணா சாலைக்கு வந்தோம். எல்.ஐ.சி. கட்டடத்தின் முன் இந்தக் கார் நிற்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். எல்.ஐ.சி. திறக்கப்பட்டது 1959இல்; ஹெரால்டு இங்கிலாந்தில் முதலில் வெளிவந்ததும் அதே 1959இல். எடைகூடிய அலங்காரங்களை உதறிவிட்டு நேர்க்கோடுகளை நம்பிய ஒரு காலத்தின் இரண்டு பிள்ளைகள். ஆனால் ஒன்று வானுயரம், ஒன்று இடுப்புயரம். ஒரே சட்டத்துக்குள் அடக்கினால் கார் தொலைந்துவிடும். குனிந்து, பானட்டின் ஓரத்திலிருந்து பார்த்தேன். கட்டடம் முழுதாகத் தலைகீழாய் வெளிர்நீலத்துக்குள் இறங்கி நின்றது. தகட்டில் மயிரிழை நெளிவு இருந்தாலும் அத்தனை மாடிகளும் அலையடித்திருக்கும். ஒரு மாடிகூட அசையவில்லை.

படத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். வங்கி சார் தன் அப்பாவின் வண்டியைப் பார்த்துப் பேச்சில்லாமல் நின்றார். பாய் காரைப் பார்க்கவே இல்லை. படத்தைப் பெரிதாக்கி, கட்டடத்தின் ஓரக்கோட்டை மேலிருந்து கீழாக விரலால் தொடர்ந்து போனார். “பில்டிங் ஆடாம நிக்குது” என்றார். அந்த வேலைக்கு அவர் எழுதிக்கொண்ட ஒரே சான்றிதழ் அதுதான்.

ஐம்பது ஆண்டுக்கு மேலான, சேசிஸும் பாடியும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளை வின்டேஜ் என்று அங்கீகரித்து, ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனிப் பதிவெண் தரும் மத்திய அரசு விதிகள் 2021இல் வந்தன. நல்ல விதிகள். ஆனால் மூலப் பாடியை மாற்றாமல் காப்பாற்ற வேண்டும் என்றால், தகட்டைத் தட்டி எடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். இன்றைய ஷோரூம் சர்வீஸில் அடிபட்ட பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள். அங்கே வேலைக்குப் போகும் பையன்கள் டாலி பிடிக்கக் கற்க வழியில்லை. பாயின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவரிடம் இப்போது கற்றுக்கொள்ள யாரும் இல்லை.

கார் கண்காட்சிகளில் படத்துக்கு அடியில் மாடலும் வருடமும் உரிமையாளர் பெயரும் இருக்கும். ஓவியத்துக்கு அடியில் ஓவியர் பெயர் இருப்பது போல, டிங்கர், பெயின்டர், குரோம் முலாம் போட்டவர், மெக்கானிக் ஆகியோரின் பெயரும் அங்கே இருக்க வேண்டும். நான் தரும் படங்களில் இதை இப்போது நிபந்தனையாகவே வைக்கிறேன். கடற்கரைக்குப் போகுமுன் பட்டறையையும் எடுக்கிறேன்: சுரண்டிய தகடு, காய்ச்சிய புள்ளிகள், பென்சில் வட்டங்கள், பட்டி எங்கே எவ்வளவு என்பது, பாடியின் உள்பக்கம். உரிமையாளரிடம் ஒரு பிரதி, பட்டறையில் ஒரு பிரதி. நாளை வேறொருவர் அந்த பானட்டைத் திறக்கும்போது முன்னவர் என்ன செய்தார் என்று தேடினால், அவர் விரித்துப் பார்க்கப் போவது இந்தப் படங்களைத்தான். மெரினாவில் எடுத்த படம் அவருக்கு எதற்கும் உதவாது. பழைய கார்களை நேசித்துக் கேமராவைத் தூக்குகிறவர்கள் எல்லோரும், தகடு பெயின்டுக்குள் மறைவதற்கு முன்பு ஒருமுறை பட்டறைக்குப் போய்விட வேண்டும்.