ஒருவேளைப் பால் போதும்

முயல் வளர்க்கத் தொடங்கியவர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. "அக்கா, நேத்து குட்டி போட்டுருக்கு. அம்மா முயல் பெட்டிப் பக்கமே போக மாட்டேங்குது. ஒதுக்கிருச்சா? பசும்பால் காய்ச்சிக் குடுக்கலாமா?" இப்படிக் கேட்பவர் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, பஞ்சும் கையுமாக நின்றுகொண்டிருப்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "குட்டியோட வயித்தப் பாத்தீங்களா?"

பிறந்த முயல் குட்டிக்கு ரோமம் இருக்காது. கண்ணும் காதும் அடைத்திருக்கும். நடுத்தர இனங்களில் ஐம்பது, அறுபது கிராம்தான் எடை. தோல் அவ்வளவு மெல்லியது என்பதால், குட்டி குடித்த பால் விலாவுக்குக் கீழே வெள்ளைப் பட்டையாக வெளியிலிருந்தே தெரியும். அந்தப் பட்டை தெரிந்து, வயிறு உருண்டு, குட்டி அசையாமல் தூங்கினால் தாய் தன் வேலையை முடித்துவிட்டது. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, கை பட்டதும் தலையை எம்பி எம்பித் தேடினால்தான் பால் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பார்க்க வேண்டிய நேரம் காலை. ஏனென்றால், தாய் முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் பால் கொடுக்கும். அதுவும் இரவிலோ விடியலுக்கு முன்போ, நாம் தூங்கும்போது. மூன்று நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

நம் வீட்டு முயல்கள் எல்லாமே ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. அது வளை தோண்டிக் குட்டி போட்டு, வாயிலை மண்ணால் அடைத்துவிட்டு விலகிப் போய்விடும். கூடவே கிடந்தால் நரி மோப்பம் பிடித்து வந்துவிடும். கம்பிக் கூண்டுக்குள் வாழும் முயலும் அதே வழியைத்தான் பின்பற்றுகிறது. விலகி நிற்பதுதான் அது குட்டிகளைக் காக்கும் முறை. பசுவும் நாயும் குட்டியை நக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கல்நெஞ்சமாகப் படுகிறது.

அந்த ஒருவேளைப் பாலின் வலுவைத் தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். பசும்பாலைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கொழுப்பும் மூன்று மடங்கு புரதமும் அதில் உண்டு. பால் சர்க்கரையோ மிகக் குறைவு. சரியாகக் குடிக்கும் குட்டி ஒரு வாரத்தில் பிறந்த எடையைப்போல இரண்டு மடங்காகிவிடும். கண் தெரியாத குட்டி அந்தச் சில நிமிடத்துக்குள் எப்படி முலைக்காம்பைப் பிடிக்கிறது என்ற கேள்விக்கும் விடை உண்டு. தாயின் பாலிலேயே குட்டியை இழுக்கும் ஒரு வாசனைப் பொருள் இருப்பதை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டார்கள். கிண்ணத்தில் காய்ச்சி வைத்த பசும்பாலில் அந்த வாசனையும் இல்லை, வலுவும் இல்லை. சர்க்கரை மட்டும் கூடுதல். அது குட்டியின் குடலைக் கெடுக்கும்.

ஆகவே முதல் இரண்டு வாரம் நாம் சோறு போட வேண்டியது தாய்க்குத்தான். எங்கள் திண்டுக்கல் பக்கம் வேலிமசாலும் அகத்தியும் எளிதாகக் கிடைக்கும். கோ-4 புல் வரப்பில் வளரும். இவற்றை வெட்டிச் சற்று வாடவைத்துக் கொடுப்பேன். காய்ந்த புல் எப்போதும் முன்னால் இருக்கும். பால் கொடுக்கும் முயலுக்கு அடர்தீவனத்தை அளந்து போடக் கூடாது, வயிறு நிறையத் தின்ன விட வேண்டும். தண்ணீர் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். தண்ணீர்க் குப்பி அடைத்துக்கொண்டால் முதலில் வற்றுவது பால்தான். குட்டி போடும் முன்பே ஆண் முயலைப் பிரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகிவிடும். பாலும் கொடுத்து, சினையும் சுமந்து, அந்தத் தாய் எலும்பாகிப் போகும்.

பசியைவிடக் குளிரால் சாகும் குட்டிகள் அதிகம். தாய் தன் கழுத்து, வயிற்று ரோமத்தைப் பிடுங்கிக் கூட்டில் மெத்தை போடும். அதற்கடியில் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சூட்டைக் காத்துக்கொள்கின்றன. முலையைக் கவ்வியபடியே ஒரு குட்டி வெளியே இழுபட்டு விழுந்துவிட்டால், பூனையைப் போல முயல் அதைக் கவ்வித் திரும்பக் கொண்டுபோகாது. அந்தக் குணம் அதற்கில்லை. குட்டி கிடந்த இடத்திலேயே விறைத்துவிடும். அதனால்தான் ஈனும் பெட்டியின் வாசலில் ஒரு சாணுக்குக் குறையாத தடுப்புப் பலகை வைக்கிறோம். தாய் தாண்டும்போது தொங்கும் குட்டி பலகையில் தட்டி உள்ளேயே விழுந்துவிடும். பெட்டிக்குள் வைக்கோலோ காய்ந்த புல்லோ போடலாம். பஞ்சும் நூலும் வேண்டாம், காலில் சுற்றி இறுக்கிவிடும்.

சமவெளிக்காரர்களுக்குச் சித்திரை வைகாசியில் எதிர்ச் சிக்கல். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களுக்கு அந்தக் குளிர் ஒத்துப்போகிறது. அதே இனத்தைக் கீழே கொண்டுவந்து தகரக் கூரைக்கடியில் வைத்தால் தாயும் வாடும், குட்டியும் வேகும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குட்டிகளையே பாருங்கள். ரோமத்துக்கடியில் கும்பலாகக் கிடந்தால் சூடு சரி. தனித்தனியாக விலகி, தோல் சிவந்து, மேலே ஏறி வந்து கிடந்தால் புழுங்குகிறது. ரோமத்தில் பாதியை எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள், இரவில் திரும்பப் போட உதவும். ஈரச் சாக்கைக் கொட்டகையைச் சுற்றித் தொங்கவிடலாம், பெட்டிமேல் போடக் கூடாது.

எறும்பைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களில் அதிகம் இருக்காது. நம் ஊரில் அதுதான் பெரிய எமன். குட்டி போட்ட வாசத்துக்கு எறும்பு வரிசை கட்டி வந்துவிடும். ரோமமில்லாத குட்டியால் உதறக்கூட முடியாது. கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, சில துளி எண்ணெய் விட்டுவிடுங்கள். கூண்டு சுவரைத் தொடக் கூடாது.

தினமும் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். "மனுசன் கை பட்டா தாய் சேத்துக்காதே" என்று பயப்படுகிறார்கள். வளர்ப்பு முயல் அப்படி ஒதுக்குவதில்லை. கையைக் கழுவி, தாயின் முதுகில் ஒருமுறை தடவிவிட்டுப் பெட்டியில் கை விடுங்கள். செத்தது இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு குட்டி மட்டும் நோஞ்சானாக இருந்தால், பெரியவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, தாயை மடக்கிப் பிடித்து அதற்கு முதலில் ஊட்டவிடுவேன். எந்தச் செயற்கைப் பாலாலும் செய்ய முடியாததை அந்த இரண்டு நிமிடம் செய்துவிடும்.

தாய் செத்துப்போனால்? முதல் வழி, அதே சமயம் குட்டி போட்ட வேறு முயலிடம் சேர்ப்பது. இரண்டு மூன்று நாள் வயது வித்தியாசம் இருக்கலாம். புதுத் தாயின் ரோமத்தில் குட்டியைப் புரட்டி, கூட்டத்தின் நடுவில் வைத்துவிட வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் மட்டுமே கைப்பால். பூனைக்குட்டிகளுக்கென விற்கும் பால்பொடி, கிடைக்காத இடத்தில் ஆட்டுப்பால். நாளுக்கு இரண்டு வேளை போதும். பிறந்த குட்டிக்கு வேளைக்கு இரண்டு, இரண்டரை மில்லி. ஒரு வாரத்தில் ஆறு ஏழு மில்லி. இரண்டு வாரத்தில் பன்னிரண்டு. குட்டியின் உடம்பு குளிர்ந்திருந்தால் முதலில் சூடேற்றுங்கள், பிறகுதான் பால். மல்லாத்தி ஊட்டக் கூடாது. வயிறு கீழே இருக்க, தலை சற்று நிமிர்ந்திருக்க, ஒரு மில்லி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. அவசரப்பட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஊட்டியதும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவிச் சிறுநீர் போகவைக்க வேண்டும், கண் திறக்கும்வரை. இத்தனை செய்தும் பல குட்டிகள் நிற்பதில்லை. தாய்ப்பால் குட்டியின் இரைப்பையில் கிருமிகளைத் தடுக்கும் ஒருவகைக் கொழுப்பமிலங்களை உண்டாக்குகிறது. வேறு எந்தப் பாலும் அதைச் செய்வதில்லை.

இடையில் ஒரு வார்த்தை. உழவிலோ அறுவடையிலோ கண் திறந்து, உடம்பு முழுக்க ரோமத்தோடு ஒரு குட்டி கிடைத்தால் அது நம் காட்டு முயல், வேறு இனம். அதன் தாயும் இதேபோல் விலகித்தான் இருக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வீட்டு முயல் குட்டி பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். பதினெட்டு, இருபது நாளில் பெட்டியைத் தாண்டி வந்து தாயின் தட்டில் வாய் வைக்கும். பார்ப்பவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும் பருவம் இது. எனக்கோ தூக்கம் கெடும் பருவம். வளர்ந்த முயலின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது, கிருமி பிழைக்காது. குட்டிக்கு அந்த அமிலம் இன்னும் ஊறவில்லை. தாய்ப்பாலின் காவலோ பால் குறையக் குறைய விலகுகிறது. இரண்டுக்கும் நடுவே, நான்கிலிருந்து ஏழு வாரம் வரை, குடல் கதவில்லாத வீடு. கழிச்சல் வந்தால் குட்டி ஒரே இரவில் போய்விடும்.

இந்தப் பருவத்தில் புதிதாக எதையும் தரக் கூடாது. தாய் தின்ற புல், தாய் தின்ற தீவனம், அவ்வளவே. கேரட், முட்டைக்கோஸ், பிஸ்கட், சோறு எதுவும் வேண்டாம். காய்ந்த புல் எந்நேரமும் இருக்கட்டும். நார்தான் அந்தக் குடலை ஓட்டுகிறது. பெட்டியில் தாய் போட்டுவைத்த புழுக்கையைக் குட்டிகள் கொறிக்கும். அருவருத்து ஒன்றுவிடாமல் துடைக்க வேண்டாம். செரிமானத்துக்கு வேண்டிய நுண்ணுயிரிகள் அதன் வழியாகவும் வருகின்றன. ஈரத்தையும் மூத்திரத்தையும்தான் விடக் கூடாது. ஈரத் தரையில்தான் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி பரவும்.

கழிச்சல் கண்டால் கையில் கிடைத்த மருந்தை ஊற்றாதீர்கள். குழந்தைக்கு எழுதித் தந்த அமாக்சிசிலின் சிரப் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரிகளைக் கொன்று, முயலையும் கொன்றுவிடும். கால்நடை மருத்துவரிடம் போகும்போது இது முயல் என்பதையும் அதன் வயதையும் முதலில் சொல்லுங்கள்.

இவ்வளவு ஆபத்தான அந்த வயதில்தான் குட்டிகளைக் கூடையில் வைத்து விற்கிறார்கள். மூன்று நான்கு வாரக் குட்டி கையளவு இருக்கும், குழந்தைகள் கேட்டு அழும். வாங்கிப்போன வீட்டில் கேரட் போடுவார்கள். நாலாம் நாள் எனக்குப் போன் வரும். விற்பவர்களுக்குச் சொல்கிறேன்: எட்டு வாரம் தாயோடு விடுங்கள். வாங்குபவர்களுக்கும் சொல்கிறேன்: எட்டு வாரம் ஆகாத குட்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். வாங்கும்போது அது இதுவரை என்ன தின்றது என்று கேட்டு, அதே தீவனத்தில் இரண்டு வாரத்துக்கானதைக் கையோடு வாங்கி வாருங்கள்.