ஒரகடத்தில் பிறந்த காருக்கு உத்திரமேரூரில் என்ன மரியாதை?

காலை ஐந்தரை மணிக்கு உத்திரமேரூர் பேருந்து நிலையம் பக்கம் போய்ப் பாருங்கள். டவுன் பஸ் வருவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்து நின்றுவிடும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, பைக்குள் டிபன் பாக்ஸ் என்று சுற்றுவட்டார கிராமத்துப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ஏறுகிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. ஏறி உட்கார்ந்ததும் விட்ட தூக்கத்தைத் தொடர்கிறார்கள். இவர்களில் பலர் போவது கார் செய்ய.

இந்தப் பிள்ளைகளுக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் வாகனம் பஸ். சூப்பர்வைசருக்கு வேன். அதற்கு மேலே போனால் கார். எந்த கார், என்ன விலைக்குள், டிரைவரோடா இல்லாமலா என்பதெல்லாம் பதவியைப் பொறுத்தது. 'கார் பாலிசி' என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. சென்னையில் ஏசி அறைக்குள் எழுதப்படும் அந்தப் பாலிசி, உத்திரமேரூர் பக்கத்து ஒரு டிரைவர் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் வரும் என்பதை அங்கே போனபோதுதான் கேட்டேன்.

நான் போனது கம்பெனி பஸ்ஸுக்கு எதிர்த்திசையில், ஒரகடத்திலிருந்து ஒரு வாடகைக் காரில். வாலாஜாபாத், பழைய சீவரம், திருமுக்கூடல், சாலவாக்கம், உத்திரமேரூர் என்பது வழி. பழைய சீவரத்தை பக்தர்களுக்குத் தெரியும். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குக் கிளம்பி வரும் ஊர். அங்கிருந்து பாலத்தைத் தாண்டினால் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் திருமுக்கூடல். பாலத்தின் மேல் காரை நிறுத்திப் பார்க்க ஆசை வரும். நிறுத்தாதீர்கள். பின்னால் டிப்பர் லாரி வரும். அதற்கப்புறம் சாலவாக்கம் வரைக்கும் கல்குவாரி ராஜ்ஜியம்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் பேச முடிந்தது.

டிரைவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். உத்திரமேரூருக்குப் பக்கத்து கிராமம். சொந்தமாக ஒரு டி-போர்டு வண்டி வைத்து, டிராவல்ஸ்காரர் மூலமாக ஒரு கம்பெனியில் அட்டாச்மென்ட் ஓட்டுகிறார். கம்பெனி பெயர் வேண்டாம்.

"மொதல்ல சின்ன வண்டிதான் சார் வாங்கினேன். நம்ம ஒரகடத்துல செஞ்ச வண்டி. லிட்டருக்கு நல்லா குடுத்துச்சு, டியூவும் கம்மி. ஸ்டாஃப் டியூட்டி ஓடிச்சு. கெஸ்ட் டியூட்டி கேட்டேன். 'அந்த வண்டிய கெஸ்ட்டுக்கு அனுப்ப முடியாது, லிஸ்ட்ல இல்ல'ன்னுட்டாரு டிராவல்ஸ்காரரு. ஏன் சார், அதே கம்பெனிக்குள்ள வேலை செய்யற ஆளு உக்காரலாம், வெளியில இருந்து வர்றவரு உக்காரக் கூடாதா?"

கெஸ்ட் டியூட்டி என்றால் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு விருந்தாளியை அழைத்து வருவது. கிலோமீட்டர் அதிகம், வாடகை அதிகம். ஸ்டாஃப் டியூட்டி என்றால் ஷிஃப்ட் நேரத்துக்கு ஊழியர்களை ஏற்றி இறக்குவது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் அவர் வீட்டில் மிஞ்சும் பணம். அதனால் சின்ன வண்டியை விற்றார். வட்டிக்கு வாங்கி, டிக்கி உள்ள பெரிய வண்டியாக, லிஸ்டில் இருக்கும் பெயராகப் பார்த்து வாங்கினார்.

லிஸ்டில் இருக்கும் பெயர். இதைத்தான் நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010-ல் திறக்கப்பட்டது. அங்கே நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். நிஸான் மைக்ரா என்று ஒரு கார். அதிலேயே முகத்தைக் கொஞ்சம் மாற்றினால் ரெனோ பல்ஸ். நிஸான் சன்னிக்கு உடன்பிறப்பு ரெனோ ஸ்காலா. 2012-ல் வந்து ஓடு ஓடென்று ஓடிய ரெனோ டஸ்டருக்கு அடுத்த வருடமே நிஸான் டெர்ரானோ என்று ஒரு தம்பி. ஒரே ஊர், ஒரே கூரை, முன்னால் ஒட்டும் பெயர் மட்டும் வேறு. அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி விலையும் மாறியது.

இன்னும் வேடிக்கை, இங்கே கெத்தாக வலம் வந்த அந்த டஸ்டர், ஐரோப்பாவில் டாசியா என்ற பெயரில் விற்பனையாகிறது. டாசியா ருமேனியா நாட்டு பிராண்ட். ரெனோவுக்குச் சொந்தமானது. அங்கே அது 'சிக்கன வண்டி'. ஸ்கோடா கதை இதே மாதிரிதான். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஸ்கோடா என்றாலே ஜோக் சொல்லிச் சிரிப்பார்கள். அதே ஸ்கோடா 2001-ல் ஆக்டேவியாவை இங்கே கொண்டுவந்தபோது, பெரிய மனிதர்கள் ஏறும் வண்டியாகிவிட்டது. கடல் தாண்டியதும் அந்தஸ்து கூடிவிட்டது. டாசியா லோகனுக்கு அந்த யோகம் இல்லை. 2007-ல் மஹிந்திராவோடு சேர்ந்து இங்கே வந்தது. உள்ளே தாராளமான இடம், டீசலில் நல்ல மைலேஜ். டாக்சிக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். டாக்சியில் பார்த்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த குடும்பஸ்தர்கள் யோசித்தார்கள். டாடா இண்டிகாவும் கால் டாக்சியாகிப் பட்ட பாடு இதுதான். நன்றாக உழைத்ததே அந்த வண்டிகளுக்குக் குற்றமாகிப்போனது!

மலிவு என்ற பெயரே எமனாக வந்த கதைக்கு டாடா நானோவை விட வேறு சாட்சி வேண்டாம். 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் மேடையேறியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 'ஒரு லட்சம் ரூபாய் கார்' என்ற பட்டம் கடைசி வரை அதை விடவில்லை. 2018-ல் உற்பத்தி நின்றது. 'மிக மலிவான கார்' என்று அதை முன்னிறுத்தியது சரியில்லை என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். நாலு பேர் பைக்கில் நனைந்துகொண்டு போகும் குடும்பத்துக்காக யோசித்த கார் அது. அந்தக் குடும்பமோ, ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, இன்னும் இரண்டு வருஷம் பைக்கிலேயே போய், பிறகு பழைய ஸ்விஃப்ட் வாங்கியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கல்யாண மண்டப வாசலில் இறங்கும்போது சொந்தக்காரர்கள் பார்வை முதலில் போவது எங்கே என்று நமக்குத் தெரியாதா?

நம் ஒரகடத்துக் குழந்தையான டட்சனுக்கு வருகிறேன். ஜப்பானில் எண்பதுகளில் ஓரங்கட்டப்பட்ட பழைய பெயர் அது. குறைந்த விலை வண்டிகளுக்கென்றே நிஸான் அதைத் தூசு தட்டி எடுத்து, 2014 மார்ச்சில் டட்சன் கோ காரை மூன்றேகால் லட்சத்துக்கும் குறைந்த ஆரம்ப விலையில் கொண்டுவந்தது. அதே வருடம் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பூஜ்யம் நட்சத்திரம். அந்த வருடம் சோதித்த வேறு சில பிரபலமான சின்ன கார்களும் பூஜ்யம்தான் வாங்கின. 2022-ல் டட்சன் நின்றது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று நிஸான் சொன்னாலும், பழைய வண்டிச் சந்தையில் 'நின்னுபோன கம்பெனி' என்ற ஒரு வார்த்தை போதும், பேரம் அங்கேயே படுத்துவிடும்.

ஆக, கம்பெனிகள் லிஸ்ட் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஏர்பேக் இருக்க வேண்டும், பிரேக் சரியாக இருக்க வேண்டும், மோதல் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று எழுதினால் கையெடுத்துக் கும்பிடலாம். அதிகாலை மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வரும் பெண் பிள்ளைகளுக்கும் அதே லிஸ்ட் வேண்டும். ஆனால் பாதுகாப்பு நிபந்தனை விருந்தாளி வண்டிக்கு மட்டும் இருந்தால், அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை, பவுசு.

மேலதிகாரிகளின் கார் விஷயம் இன்னொரு தினுசு. கம்பெனியே காரை லீஸுக்கு எடுத்துக் கொடுக்கும். மாதத் தவணை சம்பளத்திலிருந்து போகும். நாலைந்து வருடம் கழித்து, மிச்ச விலையைக் கட்டி அவரே வாங்கிக்கொள்ளலாம். இதில் வருமான வரிச் சலுகையும் உண்டு. 1962-ம் ஆண்டு வருமான வரி விதிகளின்படி பல வருடங்கள் நடைமுறையில் இருந்த கணக்கு இது: ஆபீஸுக்கும் வீட்டுக்குமாக ஓடும் கம்பெனி காரின் செலவை கம்பெனியே ஏற்றால், இன்ஜின் 1.6 லிட்டருக்குள் இருந்தால் மாதம் 1,800 ரூபாய், மேலே போனால் 2,400 ரூபாய், டிரைவர் கொடுத்தால் கூடுதலாக 900 ரூபாய் சம்பளத்தோடு சேர்ந்ததாகக் கருதி வரி போடுவார்கள். ஆறு லட்ச ரூபாய் காராக இருந்தாலும், பதினைந்து லட்ச ரூபாய் காராக இருந்தாலும், இன்ஜின் அளவு ஒன்றானால் கணக்கும் ஒன்றுதான். அப்புறம் யார் ஆறு லட்ச ரூபாய் காரைக் கேட்பார்கள்? சிக்கனமாக இருக்க நினைக்கிற அதிகாரிக்குக்கூட அந்தக் கணக்கில் பலன் குறைவு.

பேசிக்கொண்டே உத்திரமேரூர் வந்துவிட்டோம். சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் மூன்று நிலைகளில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் சேவை சாதிக்கிறார். படியேறிப் போய்ப் பார்க்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கொஞ்சம் நிதானமாக ஏறுங்கள். நான் தேடி வந்தது வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம். ஊர்ச் சபை கூடிய இடம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரைச் சொன்னாரே, அந்தக் கல்வெட்டு இந்த மண்டபச் சுவரில்தான் இருக்கிறது.

முதலாம் பராந்தக சோழன் காலத்து விதிகள். 919-ல் ஒன்று, அதில் திருத்தம் செய்து 921-ல் ஒன்று. முப்பது குடும்புகள், அதாவது நம் கணக்கில் வார்டுகள். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஆண்டு வாரியத்துக்கு 12 பேர். வயது 35-க்கு மேல் 70-க்குள். வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. கணக்குக் காட்டாதவர் வர முடியாது, அவருடைய உறவினரும் வர முடியாது. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தகுதி இழந்தவர் பட்டியலில் ஓரிடம் என்னைச் சிரிக்க வைத்தது. கழுதை ஏறியவர்களுக்கு இடமில்லையாம்! குற்றம் செய்தவரைக் கழுதை மேல் ஏற்றி அவமானப்படுத்துவது அன்றைய தண்டனை. டிரைவரிடம் சொன்னேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார்.

"அப்பவும் எதுல ஏறினான்னுதான் பாத்திருக்காங்க போல. ஆனா சார், இவங்க செவுத்துல எழுதி வெச்சிருக்காங்க. யாரு வேணா வந்து படிக்கலாம். எங்க லிஸ்ட்ட யாரு சார் காட்டறாங்க? வண்டி வாங்கினதுக்கு அப்புறம் கேட்ல நிறுத்தித்தான் சொல்றாங்க."

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. பாலிசி எழுதுகிறவர்கள் சொல்ல வேண்டிய பதில் அது. வண்டியின் பெயர், டிக்கி, நிறம், எத்தனை வருட மாடல் வரை ஏற்பார்கள் என்று ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து, கடன் வாங்கும் முன்பே இவர்கள் கையில் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில்தான் மீதியைச் சொன்னார். அவர் ஓட்டும் கம்பெனியில் புது விதி வந்திருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட மாடல் கெஸ்ட் டியூட்டிக்குக் கிடையாது. அவர் வண்டிக்கு வருகிற தை மாதம் ஐந்து முடிகிறது. டியூ இன்னும் பதினொரு மாதம் பாக்கி. எஃப்.சி. சரியாக இருக்கிறது, இன்சூரன்ஸ் சரியாக இருக்கிறது, பின்சீட் உறை போன மாதம்தான் மாற்றினார். ஸ்டாஃப் டியூட்டிக்கு இறங்கினால் டியூ கட்ட இடிக்கும். வண்டியைக் கொடுத்துவிட்டு புது மாடல் எடுத்தால் இன்னும் ஐந்து வருடக் கடன்.

"வீட்ல என்ன சொல்றாங்கண்ணே?"

"வித்துட்டு ஆட்டோ வாங்கிக்கலாம்னு சொல்றா. பையன் டிப்ளமோ முடிச்சிட்டான், அடுத்த மாசம் ஒரகடத்துக்கு அப்ரெண்டிஸ் போறான். அவனுக்குக் கம்பெனி பஸ் வந்துரும். ஃபைனான்ஸ்ல திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. பாக்கணும் சார்."

இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை.